ரோப் இல்லை, டூப் இல்லை: 'ஓங் பாக்' எதை முதலாகப் போட்டது?

'ஓங் பாக்' படத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய மரம். உச்சிக்கிளையில் ஒரு துணிக்கொடி. உடம்பெல்லாம் சேறு பூசிய ஊர் இளைஞர்கள் கூட்டமாக அதில் ஏறுகிறார்கள். ஒருவன் காலை இன்னொருவன் பிடித்து இழுக்கிறான். மேலே இருந்தவன் கிளையில் மோதி, அடுத்த கிளையில் புரண்டு, தரையில் வந்து விழுகிறான். அடுத்தவனும் விழுகிறான். நாயகன் கொடியை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அத்தனை பேர் விழுந்திருப்பார்கள். இந்தப் படம் எப்படிப்பட்டது, எதை நம்பி எடுக்கப்பட்டது என்பதை அந்தச் சில நிமிடங்களே சொல்லிவிடும்.

2003 ஜனவரியில் தாய்லாந்தில் வெளியான படம். இயக்கியவர் பிராச்சியா பிங்கேவ், சண்டை வடிவமைப்பு பன்னா ரித்திக்கராய், நாயகன் டோனி ஜா. செலவு சுமார் 11 லட்சம் அமெரிக்க டாலர் என்று சொல்லப்படுகிறது. நான்கு ஆண்டு முன்பு வந்த 'தி மேட்ரிக்ஸ்' 6.3 கோடி டாலரில் எடுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் 'ஓங் பாக்' படத்துக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. ஆனாலும் அது உலகம் முழுக்க ஓடி, போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு சம்பாதித்தது. அதுவரை தாய்லாந்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஓர் இளைஞனைப் புரூஸ் லீ, ஜாக்கி சான் வரிசையில் வைத்துப் பேச வைத்தது.

'நட்சத்திரம் தன் தோளில் தூக்கிச் சுமந்த படம்' என்று இதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் படம் வெளியான அன்று அந்த நட்சத்திரம் நட்சத்திரமே இல்லை. தாய்லாந்தில் அன்றைக்கு மக்கள் அறிந்த முகம், கூட நடித்த நகைச்சுவை நடிகர் பெட்தாய் வோங்கம்லாவ்தான். தொலைக்காட்சியில் சிரிக்க வைத்தவர். டோனி ஜா அப்போது பிறருக்கு டூப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டண்ட் பையன். அப்படியானால் தயாரிப்பாளர்கள் எதை நம்பிப் பணம் போட்டார்கள்? அவருடைய உடம்பை. அந்த உடம்புக்குள் ஏற்கெனவே பத்து ஆண்டுக்கு மேல் செலவாகியிருந்த பயிற்சியை. அந்தச் செலவு படத்தின் பட்ஜெட்டில் எங்குமே வராது. குறைந்த செலவில் எடுக்கப்படும் நல்ல சண்டைப் படங்களுக்கெல்லாம் இதுதான் மூலதனம் என்று நினைக்கிறேன். பணத்துக்குப் பதிலாக வேறு யாரோ, எப்போதோ போட்டுவைத்த காலம்.

அந்தக் காலத்தைப் போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பன்னா ரித்திக்கராய். தாய்லாந்தின் வடகிழக்கில் இசான் என்று ஒரு பெரிய நிலப்பகுதி. வறண்ட நெல்வயல்கள், பிழைப்புக்காகப் பாங்காக் போகும் மக்கள், லாவோஸ் வாசனை அடிக்கும் பேச்சு. அங்கே கோன் கேனில் 1961-ல் பிறந்தவர் பன்னா. ஹாங்காங் சண்டைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர், அதே மாதிரி படங்களைத் தன் ஊரிலேயே எடுக்க ஆரம்பித்தார். கையில் காசு கிடையாது. ஊர்ப் பையன்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, ஸ்டண்ட் குழு அமைத்து, தானே நடித்து, தானே இயக்கி எடுத்தார். 1984-ல் வந்த 'பார்ன் டு ஃபைட்' அவற்றில் பெயர் பெற்றது. பாங்காக்கின் நாகரிகமான தியேட்டர்கள் இந்தப் படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிற்றூர்களிலும் திறந்தவெளித் திரைகளிலும்தான் அவை ஓடின.

அப்படி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்த சிறுவன்தான் டோனி ஜா. 1976-ல் சுரின் மாகாணத்தில் பிறந்தவர். சுரின் யானைகளுக்குப் பேர்போன இடம். அவருடைய பெற்றோரும் யானை வளர்த்தவர்கள். கோயில் திருவிழாக்களில் போடும் படங்களில் புரூஸ் லீயையும் ஜாக்கி சானையும் ஜெட் லீயையும் பார்த்துவிட்டு, வயலில் போய் அதேபோல் செய்து பார்ப்பாராம். 'பார்ன் டு ஃபைட்' பார்த்ததும் பன்னாவிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பதின்வயதில் போய்ச் சேர்ந்தார். பன்னா அவரை வைத்து உடனே படம் எடுத்துவிடவில்லை. மகா சரகாமில் இருந்த உடற்கல்விக் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார். ஜிம்னாஸ்டிக்ஸ், வாள் வீச்சு, தடகளம் எல்லாம் அங்கே. விடுமுறைகளில் பன்னாவின் படங்களில் வேலை: தூக்குவது, பிடிப்பது, அப்புறம் விழுவது. 1997-ல் வந்த 'மார்ட்டல் காம்பாட்: அனிஹிலேஷன்' படத்தின் ஒரு பகுதி தாய்லாந்தில் எடுக்கப்பட்டபோது நாயகன் ராபின் ஷூவுக்கு டூப் போட்டார். முகம் தெரியாத வேலைதான். ஆனால் பெரிய படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

பிறகு குருவும் சீடனும் சேர்ந்து முய் போரான் என்கிற பழைய தாய் குத்துக்கலையைத் தேடிப் படித்தார்கள். இன்று மேடையில் கையுறை போட்டு ஆடும் முய் தாய்க்கு முந்தைய வடிவம் அது. கையில் கயிறு சுற்றிக்கொண்டு ஆடியது. அதன் அடிகளில் சிலவற்றின் பெயரைக் கேட்டால் நமக்குச் சட்டென்று புரியும். அனுமன் கணையாழி கொடுப்பது ஒன்று, ஐராவதம் தந்தத்தை உயர்த்துவது இன்னொன்று. தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன் அந்த அளவுக்கு அங்கே ஊறியிருக்கிறது. இந்த அடிகளையெல்லாம் திரைக்கு ஏற்றபடி மாற்றி, டோனி ஜா என்னென்ன செய்வார் என்று காட்டும் ஒரு குறும்படத்தை எடுத்தார்கள். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பிராச்சியா பிங்கேவ். 'ஓங் பாக்' அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அது வந்த நேரமும் முக்கியம். 1999-ல் 'தி மேட்ரிக்ஸ்', 2000-ல் 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்'. இரண்டுக்கும் சண்டை அமைத்தவர் ஹாங்காங்கின் யூவன் வூ-பிங். இரண்டுமே அருமையான படங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்குப் பிறகு உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் ரோப்பில் தொங்கிப் பறக்கலாம் என்றாகிவிட்டது. குத்துச்சண்டை தெரியாத நடிகரும் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி உதைத்தார். ஜாக்கி சானும் ஜெட் லீயும் ஹாலிவுட் போய்விட்டார்கள். ஹாங்காங் சினிமாவே 1990-களின் இறுதியில் தளர்ந்துகிடந்தது. உண்மையிலேயே ஒரு மனிதன் குதிக்கிறான், உண்மையிலேயே அடிபடுகிறது என்கிற அந்தப் பழைய நடுக்கம் திரையில் இல்லாமல் போயிருந்தது. அந்த இடத்தில்தான் 'ரோப் இல்லை, கம்ப்யூட்டர் வித்தை இல்லை, டூப் இல்லை' என்ற விளம்பரத்தோடு 'ஓங் பாக்' நுழைந்தது. கம்ப்யூட்டர் வித்தைக்குப் பணம் இல்லை என்பதையே படத்தின் பெருமையாக மாற்றிய துணிச்சல் அது.

ஆனால் விளம்பரத்தில் சொன்னால் போதுமா? பார்ப்பவர் நம்ப வேண்டும். இந்தப் படத்தின் ஒவ்வொரு தீர்மானமும் அந்த நம்பிக்கையை நோக்கித்தான் போகிறது. பாங்காக் சந்துக்குள் நடக்கும் துரத்தலைப் பாருங்கள். டோனி ஜா முள்கம்பி வளையத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகிறார். இரண்டு பேர் தூக்கிப் போகும் கண்ணாடிப் பலகைகளின் இடைவெளியில் குட்டிக்கரணம் அடிக்கிறார். ஓடும் வண்டிக்கு அடியில் கால்களை இருபுறமும் விரித்துச் சறுக்குகிறார். கூட்டத்தின் தோள்மேல் கால் வைத்து ஓடுகிறார். ஒவ்வொரு பெரிய தாவலும் முடிந்தவுடன், கதை அப்படியே நின்று, அதே தாவல் வேறு கோணத்தில் மறுபடி வருகிறது, பெரும்பாலும் ஸ்லோ மோஷனில்.

கதை சொல்லும் இலக்கணப்படி இது தப்பு. ஓடிக்கொண்டிருக்கிற ஆள் எப்படி இரண்டு முறை ஒரே இடத்தைத் தாண்டுவார்? சில விமர்சகர்களுக்கு இது எரிச்சலூட்டியது. எனக்கு இதுதான் படத்தின் இதயம். விளையாட்டு ஒளிபரப்பில் ரீப்ளே எதற்காகப் போடுகிறார்களோ, அதற்காகத்தான் இங்கேயும். 'பார்த்தீர்களா, கயிறு எங்காவது தெரிகிறதா, முகம் அதே முகம்தானே' என்று சோதித்துப் பார்க்க நமக்கு இடம் கொடுக்கிறார்கள். மற்ற படங்கள் மறைப்பதற்காக கட் செய்யும். இந்தப் படம் காட்டுவதற்காக கட் செய்கிறது. கேமரா தள்ளி நிற்கிறது, தலையிலிருந்து கால் வரை ஆள் முழுசாகத் தெரிகிறார். சண்டை தெரியாத நடிகரை வைத்து இப்படி ஒரு ஷாட்கூட எடுக்க முடியாது.

முய் தாயைத் தேர்ந்தெடுத்ததிலும் இதே கணக்கு இருக்கிறது. சினிமாவில் குத்து விடுவது சுலபம். கை முகத்துக்கு முன்னால் அரை அடி தள்ளிப் போகும். கேமராவைத் தோளுக்குப் பின்னால் வைத்தால் அந்த இடைவெளி தெரியாது. அப்புறம் ஒரு சத்தம் சேர்த்தால் முடிந்தது. முழங்கையும் முழங்காலும் அப்படி ஏமாற்ற விடாது. அவை நெருங்கி நின்று அடிப்பவை. எதிராளியின் தோளில் ஏறி உச்சந்தலையில் முழங்கையை இறக்கினால், அது படுகிறதா இல்லையா என்பது பக்கவாட்டில் நின்று பார்க்கும் கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

இனி இன்னொரு தந்திரம். நாயகன் டிங் ஊரை விட்டுக் கிளம்பும் முன், முய் தாயை யார்மேலும் பயன்படுத்தக் கூடாது என்று குருவான துறவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதனால் முதல் அரை மணி நேரம் அவன் சண்டையே போடுவதில்லை. காவ் சான் சாலைப் பக்கம் ஒரு சட்டவிரோதக் குத்துச்சண்டைக் கூடத்தில் தெரியாமல் மேடையேறிவிடுகிறான். எதிரே வந்தவன் ஒரே அடியில் விழுகிறான். அவ்வளவுதான், டிங் இறங்கிப் போய்விடுகிறான். நமக்கோ 'இன்னும் கொஞ்சம் காட்டேன்' என்று பொறுமை போகிறது.

1971-ல் புரூஸ் லீயின் 'தி பிக் பாஸ்' செய்ததும் இதையேதான். அதில் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, கழுத்தில் பச்சைக்கல் பதக்கம். படத்தின் முதல் பாதியில் அடிப்பதெல்லாம் ஜேம்ஸ் டியன் என்ற இன்னொரு நடிகர். லீ கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். பதக்கம் அறுந்த பிறகுதான் வெடிக்கிறார். அதைத் தயாரித்த கோல்டன் ஹார்வெஸ்ட் அப்போது தொடங்கி ஓராண்டே ஆன சிறு நிறுவனம். ஒரு லட்சம் டாலருக்குள் முடித்த படம் என்பார்கள். அது படமாக்கப்பட்ட இடம் தாய்லாந்தின் பாக் சோங், நாக்கோன் ராட்சசீமா மாகாணம். அதாவது இசானின் வாசல். பிற்பாடு பன்னாவும் டோனி ஜாவும் கிளம்பி வந்த அதே நிலம்.

இந்த வாக்கு என்கிற ஏற்பாடு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நல்ல சண்டைக் காட்சிதான் குறைந்த செலவுப் படத்தில் மிக விலை உயர்ந்த பொருள். ஒரு நிமிடச் சண்டைக்குப் பல நாள் ஒத்திகை, பல நாள் படப்பிடிப்பு. நாயகனுக்கு அடிபட்டால் படமே நின்றுவிடும். எனவே குறைவாக எடுத்து, தாமதமாகக் கொடுக்க வேண்டும். வாக்கு அதற்கு ஒரு நியாயம் தருகிறது. கூடவே நாயகனுக்கு ஓர் ஒழுக்கமும் தருகிறது. பணமுடையிலிருந்து பிறந்த ஏற்பாடு பாத்திரத்தின் குணமாகவே மாறிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கதை எளியது. நோங் பிராடு என்ற கிராமத்தின் புத்தர் சிலையிலிருந்து தலையை வெட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்டு வர டிங் பாங்காக் போகிறான். கதையே இல்லை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலைத் திருட்டு இசான் மக்களுக்கு உண்மையான காயம். சுரினுக்குப் பக்கத்து மாகாணம் புரிராம். அங்கே பனோம் ருங் கோயிலின் வாயில்மேல் இருந்த கல், அனந்தன்மேல் பள்ளிகொண்ட திருமால் செதுக்கிய கல், 1960-களில் திருடுபோய் அமெரிக்காவின் சிகாகோ அருங்காட்சியகத்தில் தென்பட்டது. பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1988-ல்தான் திரும்பி வந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதைப் பார்த்த நமக்கு, ஒரு சாமியின் தலைக்காக ஊரே காசு சேர்த்து ஒருவனை வழியனுப்பும் காட்சி ஏன் கண்ணைக் கலங்க வைக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பெண் பாத்திரங்களுக்கு வேலையே இல்லை. ஆட்டோக்களின் துரத்தல் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. டோனி ஜா வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்தப் படத்துக்கு உயிர் ஏது? போதை மருந்து, அழுகை என்று ஒரு கிளைக்கதை இழுத்தடிக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் லுக் பெஸ்ஸானின் நிறுவனம் உலக உரிமையை வாங்கியபோது இந்தக் கிளைக்கதையில் நிறைய வெட்டி, பின்னணி இசையையும் மாற்றியது. சந்துச் சுவரில் ஸ்பீல்பெர்குக்கும், துரத்தலில் வரும் தூண் ஒன்றில் லுக் பெஸ்ஸானுக்கும் படக்குழு அழைப்பு எழுதி வைத்திருந்தது. அதில் ஓர் அழைப்பு பலித்துவிட்டது! ஆனாலும் பார்ப்பதானால் மூல தாய் பதிப்பையே பாருங்கள். தொய்வும் சேர்ந்துதான் அந்தப் படம் அந்த மண்ணுடையதாக இருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் இடம். நட்சத்திரம் சுமந்த படம் என்று சொல்லும்போது, அந்த நட்சத்திரத்தின் அடியை வாங்கியவர்களை மறந்துவிடுகிறோம். ஓர் உதை திரையில் பலமாகத் தெரிவது உதைத்தவரால் மட்டும் நடப்பதில்லை. வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்ப வேண்டும், சரியான உயரத்திலிருந்து விழ வேண்டும், விழுந்த பிறகும் கேமரா பக்கம் பார்க்காமல் கிடக்க வேண்டும். ஸ்டண்ட் கலைஞர்கள் உடைக்குள் பேட் கட்டிக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் மாடியிலிருந்து மேசைமேல் விழுகிறவருக்கு பேட் எவ்வளவு உதவும்? பன்னாவின் குழு இந்தப் பயிற்சியில் வளர்ந்தது. படத்தில் டோனி ஜா கால்களில் தீ எரிய எரிய உதைக்கும் காட்சி புகழ்பெற்றது. தீ மேலேறித் தன் புருவமும் இமைமுடியும் கருகின என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த எரியும் காலைத் தன்மேல் வாங்கியவரை யாரும் பேட்டி எடுத்ததாகத் தெரியவில்லை. பணத்துக்குப் பதில் உடம்பைப் போட்டு எடுத்த படம் என்றால், போட்ட உடம்புகளில் பெரும்பாலானவை பெயர் தெரியாதவை. டைட்டிலில் ஓடும் அந்தப் பட்டியலை ஒரு முறையாவது நிறுத்திப் படிக்க வேண்டும்.

படம் ஜெயித்த பிறகு பணம் வந்தது. 2005-ல் அதே கூட்டணியின் 'டாம் யம் கூங்'. அதில் ஓர் உணவகத்தின் மாடிப்படிகளில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் ஒரே ஷாட்டாகச் சண்டை நடக்கிறது. கேமரா பின்னாலேயே ஏறுகிறது, கட் எங்கும் இல்லை. முடிவில் டோனி ஜாவுக்கு உண்மையாகவே மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். அதே படத்தில் அவரோடு மோதும் ஜானி டிரை நுயென்தான் பிறகு 2011-ல் 'ஏழாம் அறிவு' படத்தில் சூர்யாவுக்கு வில்லனாக வந்தவர். டோங் லீ என்ற பெயரில் கண்ணாலேயே ஆட்களை ஆட்டிவைத்த அவரை நம் ஊர்ச் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும்.

அடுத்து 'ஓங் பாக் 2'. இதை டோனி ஜாவே இயக்கினார். செலவு ஏறியது, தேதிகள் தள்ளிப்போயின. 2008-ல் படப்பிடிப்பு நடுவில் நின்று, அவர் சில வாரம் யாருக்கும் தெரியாமல் ஒதுங்கிப் போய்விட்டார். பிறகு பன்னா வந்து கைகொடுத்துத்தான் படம் முடிந்தது. 2010-ல் டோனி ஜா துறவறம் பூண்டு சில காலம் கோயிலில் இருந்தார். குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. ஒரு மனித உடம்பை நம்பி ஒரு தொழிலையே நிறுத்தினால், அந்தச் சுமை எங்காவது இறங்கத்தானே செய்யும். 2015-ல் 'ஃபியூரியஸ் 7' வழியாக ஹாலிவுட் போனார். அதில் அவருடைய சண்டை துண்டு துண்டாக வெட்டப்பட்டு, கண் இமைப்பதற்குள் ஓடுகிறது. யார் செய்திருந்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். உடம்பு அதேதான், அதை நம்பித் தள்ளி நிற்க அந்தக் கேமராவுக்கு அவசியம் இல்லை.

பன்னா தன் வழியைத் தொடர்ந்தார். யானின் என்ற பெண்ணுக்குப் பல ஆண்டு பயிற்சி கொடுத்து, பிராச்சியாவோடு சேர்ந்து 2008-ல் 'சாக்லேட்' எடுத்தார். அதிலும் முதல் முதலீடு காலம்தான். 2014 ஜூலையில் பன்னா காலமானார், வயது 53.

அவர் காட்டிய வழி எல்லை தாண்டியும் போனது. இந்தோனேசியாவில் ஆவணப்படம் எடுக்கப் போன காரெத் எவன்ஸ், சிலாட் என்கிற அந்த ஊர்த் தற்காப்புக் கலை பயின்ற இகோ உவைஸைக் கண்டுபிடித்தார். 2009-ல் 'மெரந்தாவ்', 2011-ல் 'தி ரெய்டு'. இரண்டாவது படத்தின் செலவும் சுமார் 11 லட்சம் டாலர்தான் என்பார்கள். ஒரே கட்டடம், ஒரே நாள், பெயர் தெரியாத நாயகன். அதில் மேட் டாக் என்ற முரட்டு அடியாளாக வருபவர் யாயன் ருஹியன். இகோவோடு சேர்ந்து சண்டைகளை வடிவமைத்தவரும் அவரே. 'தி பிக் பாஸ்' படத்திலும் சண்டை அமைத்த ஹான் யிங்-சியே தான் கடைசியில் லீயிடம் அடிபட்டுச் சாகும் முதலாளி. 'தி ரெய்டு' படத்தின் இறுதியில் இரண்டு பேர் சேர்ந்து யாயனை அடிக்கிறார்கள். படத்திலேயே நீளமான சண்டை அது. அத்தனை அடியையும் தானே அமைத்துத் தானே வாங்கியிருக்கிறார்.